கதாநாயகனுக்கு ஒரு கிழவன் வேசம்

திருகோணமலையில் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்ப்பதுதான் பிரகலாதனின் வேலை. அந்த வேலைக்காரனை எந்தத் தெருவிலும் யாரும் ஆலாத்தி எடுத்து வரவேற்பதில்லை. கேற்றைத் திறந்தால் நாய் குரைக்கும். நாய் இல்லாத வீட்டில் மனிதர் குரைப்பார்கள். "போன மாசம் நாங்கள் வீட்டிலயே இல்லை, எப்பிடித் தம்பி இவ்வளவு வரும்?" என்ற கேள்வி கேட்காமல் அவனுக்கு ஒரு நாளும் விடிந்ததில்லை. ஆனாலும் அவனுக்கு அது பிடித்துத்தான் இருந்தது. தன்பாட்டில் போவான், எண்ணைப் பார்ப்பான், பில்லைக் கொடுப்பான், வந்துவிடுவான்.

அந்த நிம்மதிக்கு உலை வைத்தவன் கிண்ணியா அப்ராஸ். கலியாண வீடுகளுக்கு வீடியோ எடுப்பது அவனுடைய தொழில், படம் எடுப்பது அவனுடைய பைத்தியம். ஒரு கலியாணப் பந்தியில் சொதி ஊற்றிக்கொண்டு நின்ற பிரகலாதன் அவனுடைய கமராவுக்குள் விழுந்தான். அதற்குப் பிறகு அப்ராஸ் மாப்பிள்ளையை விடச் சொதி ஊற்றுகிறவனைத்தான் கூடுதலாக எடுத்தான். மாப்பிள்ளை வீட்டார் வீடியோவைப் பார்த்துவிட்டுச் சண்டைக்கு வந்தது வேறு கதை. இரண்டு மாதத்துக்குள் பிரகலாதன் யூடியூப் காதல் தொடர் ஒன்றின் கதாநாயகன்.

தொடரில் அவனுக்குப் பெரிய வேலை ஒன்றும் இல்லை. மோட்டார் சைக்கிளில் வரவேண்டும். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவேண்டும். பிறகு, கடற்காற்றில் தலைமயிர் பறக்க, மெல்லிய குரலில் இரண்டு வசனம். அவ்வளவுதான். ஊர் மயங்கிவிட்டது. மீட்டர் பார்க்கப் போனால் பிளேன்ரீ வந்தது, கேக் வந்தது, ரியூசன் விட்டுவரும் பிள்ளைகள் வளைத்துப் பிடித்துச் செல்ஃபி எடுத்தார்கள். போன் கடைக்காரன் ஒருவன் கேட்காமல் கொள்ளாமல் அவனுடைய படத்தைப் பெரிய பனர் அடித்துத் தொங்கவிட்டான். அதில் கண்ணுக்கு நீல நிறம் வேறு. "ஹீரோ, நீங்கள் பாத்து ஒரு யூனிற்றைக் குறைச்சுப் போடலாமே" என்று குழைந்த மாமிகளும் உண்டு. அரை நாளில் முடிகிற தெரு, பொழுதுபட்டும் முடியவில்லை.

அவனைக் குடைந்தது வேலை பிந்தியது அல்ல. எல்லோரும் மெச்சியது முகத்தை. அந்த முகம் அம்மாவும் அப்பாவும் தந்தது, அதில் தன்னுடைய உழைப்பு என்ன இருக்கிறது என்று அவன் உண்மையாகவே கூச்சப்பட்டான். பள்ளிக்கூடத்தில் வட்டிக்காரக் கிழவனாக நடித்துப் பரிசு வாங்கியவன் அவன். அன்றைக்கு வகுப்பு வாத்தியாருக்கே ஆளைத் தெரியவில்லை. அந்தச் சந்தோசம் இந்தக் கேக்குகளில் ஒன்றிலும் இல்லை.

அப்படியிருக்கும்போது அப்ராஸ் ஒரு முழுப்படம் எடுக்கப் புறப்பட்டான். கடலில் விட்ட வலையைக் கரையில் நின்று இழுக்கும் நிலாவெளிக் கரைவலைக்காரரின் கதை. அதில் ஒரு காதலன் இருந்தான், வழமைபோல மோட்டார் சைக்கிளோடு. ஒரு கிழவனும் இருந்தான். கால் ஏலாதவன், வாய் மட்டும் நல்லாய் ஏலும், ஊரில் ஒருவருக்கும் பிடிக்காதவன். கதையை வாசித்து முடித்த பிரகலாதன், "எனக்கு அந்தக் கிழவனைத் தா" என்றான்.

"ஒனக்குப் பைத்தியமா மச்சான்? ஒண்ட மூஞ்ச மறச்சா ஆரு படம் பாக்கிற?"

"நான் நடிக்கிறதைப் பாக்கட்டும்."

"நீ என்ன வேசம் போட்டாலும் ஒண்ட ஆக்கள் மட்டுக்கட்டிருவாங்க."

இழுபறிப்பட்டுக் கடைசியில் ஒரு பந்தயத்துக்கு வந்தார்கள். கிழவன் வேசத்தில் பிரகலாதன் நிலாவெளிக்குப் போய் உண்மையான கரைவலை இழுக்கவேண்டும். வலை கரையேறி, பங்கு பிரித்து, திரும்பி வந்து அப்ராஸின் வான் வண்டியில் ஏறும் வரைக்கும் ஒருவரும் அவனைக் கண்டுபிடிக்கக் கூடாது. கண்டுபிடித்தால், இந்தப் படத்தில் மட்டுமல்ல, இனி எடுக்கிற எல்லாப் படத்திலும் அவன் வாய் திறக்காமல் மோட்டார் சைக்கிளில் ஏறவேண்டும். பிரகலாதன் சம்மதித்துவிட்டான். 

தாடி வளர்த்தான். வளர்த்ததும் பனர்க்காரன் தாடியோடு புதுப் படம் கேட்டான், மாமிகள் "தாடி இன்னும் எடுப்பாக் கிடக்கு" என்றார்கள். மிச்சப் பொறுப்பு அவனுடைய மனைவி கஜந்தியுடையது. அவள் மணப்பெண் அலங்காரம் செய்கிறவள்.

"நான் ஆக்களை வடிவாக்கத்தான் பழகினனான், கெடுக்கப் பழகேல்ல" என்று சொல்லிக்கொண்டே தாடியை நரைக்கவைத்தாள், கண்ணுக்குக் கீழே கருமை இழுத்தாள், நெற்றியில் சுருக்கம் வைத்தாள். பிறகு தள்ளி நின்று பார்த்தாள்.

"என்னப்பா, உங்கட மாமா மாதிரியே இருக்கிறீங்கள். எனக்கே கிட்ட வர மனமில்லை."

"உது காணும், இனி ஒண்டும் வேண்டாம்" என்றான் பிரகலாதன், மிகுந்த சந்தோசத்துடன்.

காலை வெயில் ஏறும் நேரம், பழைய சாரமும் கிழிந்த சேட்டுமாகக் காலை இழுத்து இழுத்துக் கடற்கரைக்கு இறங்கினான். அப்ராஸ் உல்லாசப் பயணிபோலத் தொப்பி போட்டுக்கொண்டு தூரத்தில் கமராவோடு நின்றான். வலை ஏற்கெனவே கடலில். இரண்டு பக்கமும் ஆட்கள் வரிசையாய் நின்று கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தார்கள். வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி இரத்தினசிங்கம் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஐயா, இந்தக் காலோட ஏலுமே?"

"கயித்தைக் கையாலதான் இழுக்கிறது" என்றான் கிழவன், தொண்டையைக் கரகரத்துக்கொண்டு. சம்மாட்டி சிரித்துவிட்டு இடம் காட்டினார்.

அவனுக்கு முன்னால் நின்று இழுத்தவன் தவராசா, நல்ல தோள்பலம் உள்ளவன். கிழவனின் குணத்தைக் காட்டவேண்டுமே என்று பிரகலாதன் அவனில்தான் தொடங்கினான்.

"டேய், கயித்தை இழுக்கிறியா, தடவுறியா?"

தவராசா திரும்பி முறைத்தான். "வயசுக்கு மரியாதை தாறன் அப்பு. வாயை மூடிக்கொண்டு இழுங்கோ."

வாய்க்காரன் என்று பெயர் எடுத்தாயிற்று. ஆனால் கயிறு நடிக்கவில்லை. உள்ளங்கை எரிந்தது, இடுப்பு விட்டுப்போனது, கொஞ்ச நேரத்தில் கிழவன் போலக் குனிய அவன் பாடுபடவே தேவையில்லாமல் போயிற்று.

அப்போதுதான் ரியூசன் பிள்ளைகள் ஒரு கூட்டமாய்ச் சுற்றுலா வந்து இறங்கினார்கள். பிரகலாதன் தலையை இன்னும் தாழ்த்திக்கொண்டான். அவர்களில் பாதிப்பேர் அவனோடு செல்ஃபி எடுத்தவர்கள். வலை இன்னும் தூரத்தில் இருந்ததால் இழுக்கிறவர்கள் மாறி மாறி மூச்சு வாங்கினார்கள். அவனுடைய முறை வந்து ஓரமாய் நின்ற நேரம் பார்த்து ஒருத்தி நேரே அவனிடம் வந்தாள். சரி, மோட்டார் சைக்கிள்தான் என்று அவன் நினைத்தான்.

"ஐயா, எங்களை ஒரு போட்டோ எடுத்துவிடுறீங்களோ? இந்த வட்டத்தை அமத்தினாக் காணும்."

போனைக் கையில் வாங்கினான். அதன் பின்பக்க உறையில், அச்சடித்த படமாய், கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு அவனேதான் நின்றான். போட்டோவை எடுத்து, அவனுடைய முகத்தை அவளிடமே திருப்பிக் கொடுத்தான். அவள் ஒரு நன்றி சொல்லிவிட்டு ஓடினாள். தூரத்தில் உல்லாசப் பயணி ஒருவன் மணலில் குந்தியிருந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

வலை கரையேறியது. பாடு பெரிதில்லை, கொஞ்ச மீன்தான். விற்கிற மீன் லொறிப் பக்கம் போக, கயிறு பிடித்தவர்களுக்குக் கறிக்கு மீன் பிரித்துக் கொடுத்தார் சம்மாட்டி. ஆளுக்கு ஒரு கை சூடை மீன். தவராசாவுக்கும் அவ்வளவுதான். கிழவனின் முறை வந்ததும் இரத்தினசிங்கம் தன்னுடைய வீட்டுக்கென்று எடுத்து வைத்திருந்த பெரிய பாரை மீன் ஒன்றையும் தூக்கி அவனுடைய பைக்குள் போட்டார்.

"வேண்டாம்" என்று உறுமினான் பிரகலாதன்.

"ஏலாத காலோட வந்து இழுத்தனீங்கள். வீட்டில மனிசி இருக்குமெல்லோ, கொண்டுபோய்க் குடுங்கோ" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த ஆளிடம் போய்விட்டார்.

பை கனத்தது. பிரகலாதனுக்கு அவமானமாக இருந்தது. கேக்கும் பிளேன்ரீயும் முகத்துக்குக் கிடைத்தவை. சூடை மீன் கயிற்றுக்குக் கிடைத்தது, அதை வாங்கும்போது அவனுக்குப் பெருமையாகவே இருந்தது. இந்தப் பாரை? இல்லாத நொண்டிக்காலுக்கு ஒரு நல்ல மனிதர் தன் வீட்டுச் சட்டியிலிருந்து எடுத்துத் தந்தது. கூப்பிட்டு உண்மையைச் சொல்லிவிடலாம். சொன்னால் இந்தக் கடற்கரை முழுவதும் போனைத் தூக்கிக்கொண்டு ஓடிவரும், கிழவன் வேசம் அதோடு போய்விடும். சொல்லாமல் கொண்டுபோனால் அது அவனுக்குத் தொண்டையில் இறங்காது.

பக்கத்தில் தவராசா தன்னுடைய சின்னப் பங்கைச் சொப்பின் பையில் கட்டிக்கொண்டிருந்தான். காலையிலிருந்து கிழவனிடம் ஏச்சு வாங்கியவன். பிரகலாதன் யோசிக்கவில்லை. காலை இழுத்துக்கொண்டு போய், பாரையை எடுத்து அவனுடைய காலடியில் பொத்தென்று போட்டான்.

"இந்தா, பிடி. நாறல் மீன். என்ர வீட்டில பூனையும் தின்னாது. உனக்கெண்டாச் சரிவரும்."

சொல்லி முடித்த பிறகுதான் அந்தக் கிழவன் யாரென்று அவனுக்கே விளங்கியது. நல்லதைச் செய்யவும் ஏச்சைத் தவிர வேறு பாசை தெரியாத ஒரு மனிதன். அப்ராஸின் கதையில் இப்படி ஒரு வரியே கிடையாது. தூரத்தில் அப்ராஸ் சிரிப்பதை நிறுத்திவிட்டுக் கமராவை இன்னும் கிட்ட இழுத்தான்.

பிரகலாதன் வான் வண்டி நின்ற பக்கம் நடந்தான். பின்னால் தவராசா மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்திருக்கவேண்டும். 

"சம்மாட்டி, இஞ்ச பாருங்கோ, துடிக்கிற மீனை நாறுதெண்டு தந்திட்டுப் போகுது" என்று அவன் சொல்வது கேட்டது. அந்தக் குரலில் காலைக் கோபம் இல்லை. "பொய்க்காரக் கிழவன்."

பிரகலாதனுக்கு ஓடிப்போய்த் தவராசாவைக் கட்டிப்பிடிக்கவேண்டும் போல இருந்தது. ஆனால் அந்தக் கிழவன் திரும்பியும் பார்க்கமாட்டான். அதனால், பார்க்காமலே, வான் கதவு வரைக்கும் காலை இழுத்து இழுத்து நடந்தான்.