கொர்னேலியஸுக்கு வைத்த இடம்

மாரிகுப்பத்திலிருந்துதான் பெங்களூரு ரயில் புறப்படுகிறது. அங்கே ஏறுகிறவர்களுக்கு ஒரு கடமை உண்டு. அடுத்த ஸ்டேஷனில் ஏறும் சிநேகிதனுக்குக் கைக்குட்டை போட்டு இடம் வைக்க வேண்டும். பெங்களூரில் அச்சகம் ஒன்றில் வேலை பார்க்கும் வேலு, அடுத்த ஸ்டேஷனான சாம்பியன் ரீப்ஸில் ஏறும் கொர்னேலியஸுக்குப் பதினோரு வருடங்களாக ஜன்னலோர இடம் வைத்துவந்தான். இடது காலை நீட்டிக்கொள்ள அதுதான் வசதி.

அந்தக் கால் மடங்காமல் போனதே வேலுவால்தான். பதினோரு வருடங்களுக்கு முன் ஒரு நாள் மாலை, வழியில் பங்காருபேட்டையில் நகரும் ரயிலில் தாவி ஏறப்போய் வேலு வழுக்கினான். வாசலில் நின்ற கொர்னேலியஸ் குதித்து அவனைப் பிடித்து இழுத்தான். வேலு பிழைத்தான். சாம்பியன் ரீப்ஸ் கால்பந்து அணிக்குக் கோல் மேல் கோல் போட்ட கொர்னேலியஸின் முழங்கால் நொறுங்கியது.

அப்போது வேலுவின் மனைவி ஷைலா மாசமாக இருந்தாள். "ஷைலாவுக்குத் தெரிய வேணாம், பயந்துடும். ஆட்டத்துல அடிபட்டதுன்னு சொல்லிக்கிறேன்" என்றான் கொர்னேலியஸ். ஊரும் அதையே நம்பியது.

இந்த வருடம் சாம்பியன் ரீப்ஸ் அவனையே கோச்சாக அழைத்தது. மைதானத்துக்குத் திரும்பிவிட்ட சந்தோஷத்தில் அவன் ரயிலெல்லாம் மிட்டாய் கொடுத்தான். அன்று மாலையே ஊர்க் கால்பந்து வாட்ஸ்அப் குழுவில் சாம்பியன் ரீப்ஸ் ரசிகர்களுக்கும் மாரிகுப்பம் ரசிகர்களுக்கும் சண்டை மூண்டது.

"புது கோச்சு வந்துட்டாரு. மாரிகுப்பம் இப்பவே மூட்டை கட்டலாம்!"

"போன வருசம் அஞ்சு கோலு வாங்கினியே, வெக்க எடம் இருந்துச்சாடா?"

'மாரிகுப்பம் புலி' என்ற பெயரில் எழுதுவது வேலுதான் என்பது எல்லோருக்கும் தெரியும். அவனுடைய கிண்டல்களை ரயிலில் சத்தமாகப் படித்துச் சிரிக்கிற முதல் ஆள் கொர்னேலியஸ். அந்தத் தைரியத்தில் வேலு தட்டினான்:

"உங்க கோச்சு பெஞ்சிலேர்ந்து எழுந்து கோட்டாண்ட வர்றதுக்குள்ள மேட்ச்சே முடிஞ்சிடும்!"

சிரிப்பு முகங்கள் கொட்டின.

"இன்னாங்க இது, அவரு காலைப் பத்தியா எழுதுவாங்க?" என்றாள் ஷைலா.

"அட, சும்மா ஜாலிக்கி. அவனே சிரிப்பான் பாரு."

ஞாயிற்றுக்கிழமை இரண்டு அணிகளுக்கும் ஆட்டம். மாரிகுப்பம் ரசிகர்கள் வரிசையாகக் கோட்டோரம் நொண்டி நடந்தார்கள். மற்றவர்கள் விசிலடித்துப் படம் பிடித்தார்கள். பெஞ்சில் உட்கார்ந்த கொர்னேலியஸ் அதற்குப் பிறகு எழவே இல்லை. கடைசி நிமிடங்களில் அவனுடைய அணியின் தடுப்பாட்டம் சிதறியது. "சார், வாங்க சார்! இன்னா பண்றது சொல்லுங்க சார்!" என்று கோல்கீப்பர் கத்தினான். கொர்னேலியஸ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கோல் விழுந்தது. மாரிகுப்பம் ஜெயித்தது. வேலுவால் கைதட்ட முடியவில்லை.

அன்று மாலையே கொர்னேலியஸ் பொறுப்பிலிருந்து விலகினான். செய்தியைப் படித்த வேலு ஷைலாவிடம் உடைந்துபோனான்.

"அந்தக் காலு எனக்காகப் போனது ஷைலா."

ரயிலில் நடந்ததை அவன் சொல்லச் சொல்லக் கேட்டாள். பிறகு, "இத்தினி வருசமா அந்த மனுசன் வாயைத் தொறக்கல. நீங்க இன்னா எழுதினீங்க! போங்க, உண்மையையும் அங்கியே எழுதுங்க" என்றாள்.

நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதினான். குழுவில் அதற்குள் பேச்சு அடுத்த ஆட்டத்துக்குப் போயிருந்தது. ஒரே ஒரு பதில் வந்தது. "இன்னா புலி, பூனை ஆயிட்டியா?"

காலையில் வழக்கம்போல் கைக்குட்டையைப் போட்டான். சாம்பியன் ரீப்ஸில் கொர்னேலியஸ் நின்றிருந்தான். ஜன்னல் வழியாகக் கண்கள் சந்தித்தன. வேலு கையை நீட்டி, "வாடா..." என்றான். கொர்னேலியஸ் காலை இழுத்து இழுத்து, மெதுவாக, அடுத்த பெட்டியை நோக்கி நடந்தான்.

கொஞ்ச நேரத்தில் போனில் செய்தி வந்தது. "நீ எழுதுனதப் படிச்சேன். சொல்லியிருக்க வேணாம் வேலு. சீட்டை வேற யாருக்காவது குடு. நான் நின்னுக்கினே வரேன்."

பங்காருபேட்டையில் கூட்டம் திமுதிமுவென்று ஏறியது. "யாருனா வராங்களா?" என்று கைக்குட்டையைக் காட்டிக் கேட்டார் ஒருவர்.

வேலு கைக்குட்டையை எடுத்துக்கொண்டான். அந்த இடத்தோடு தன் இடத்தையும் விட்டு எழுந்து, பெங்களூரு வரைக்கும் நின்றுகொண்டே போனான்.