ஒரு பாட்டுக்கு மட்டும் இடமுள்ள பெட்டி

பாலக்காட்டுக்குப் பக்கத்தில், கஞ்சிக்கோட்டில் எங்கள் கம்பெனி கான்டீனில் டீ ஒரு பட்டனிலிருந்து வருகிறது. அமுக்கினால் முக்கால் கிளாஸ். அதற்கு மேல் ஒரு சொட்டு விழாது. நேற்றைக்கும் இன்றைக்கும் ஒரே நிறம், ஒரே சூடு, ஒரே இனிப்பு. தேயிலைக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவளுக்கு இதை வாயில் வைக்கவே ஒரு வாரம் பிடித்தது. நான் மூணாறுக்காரி என்று தெரிந்ததும் பக்கத்து மேசைச் சேச்சி கண்ணை விரித்து, "மூணாறோ! சொந்தம் எஸ்டேட் உண்டோ?" என்று கேட்டார். "உண்டு சேச்சி, லைன் வீட்டில் ஒரு ரூமும் அடுக்களையும்" என்றேன். அவர் அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டார். தொழிலாளர் லைனில் வளர்ந்த, கொழுந்து எடுத்தவளின் மகளான நான் அந்தக் கான்டீனில் இன்றைக்கும் எஸ்டேட் முதலாளி வீட்டுப் பெண்தான். திருத்தித் திருத்தி எனக்கும் அலுத்துவிட்டது.

கடல் தாண்டிப் போனவர்கள் சிரிப்பார்கள், ஜில்லா மாறியதற்கெல்லாம் ஒரு கட்டுரையா என்று. சிரித்துக்கொள்ளட்டும். மூணாறிலிருந்து மறையூர், சின்னாறு வழியாக இறங்கி, உடுமலை, பொள்ளாச்சி என்று தமிழ்நாட்டை ஓரமாகக் கடந்து, மீனாட்சிபுரத்தில் மறுபடி கேரளாவுக்குள் நுழைந்து பாருங்கள். கேரளாவிலிருந்து கேரளாவுக்குத்தான் வந்திருப்பீர்கள். ஆனால் குளிர் போயிருக்கும், மேடு போயிருக்கும், உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆளும் இருக்காது. வீட்டுக்காரர் ராஜனுக்கு இங்கே வேலை கிடைத்து, பின்னாலேயே எனக்கும் கிடைத்து, நாங்கள் அப்படித்தான் வந்து சேர்ந்தோம். மலையில் குளிருக்குச் சுருதி ஏறிக் கிடந்த என் கிட்டார் இங்கே வெயிலுக்கு இறங்கியது.

கிட்டாரைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். எங்கள் எஸ்டேட் வேதக்கோயிலில் பதினெட்டு வருஷம் நான்தான் கிட்டார். பண்டிகை, கல்யாணம், சாவு, எதற்கும் "ஸ்டெல்லாவக் கூப்பிடு" என்பார்கள். இங்கே நாங்கள் போகும் கோயிலில் மலையாள ஆராதனை. டிரம்ஸ் உண்டு, கீபோர்டு உண்டு. பாடகர் குழுவை நடத்தும் ஷீபா டீச்சர் என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். டிரம்ஸ்காரர் இரண்டு முறை நிறுத்தி நிறுத்தி என்னைத் திரும்பிப் பார்த்தார். "டைமிங் ஷரியாவுன்னில்லல்லோ, ஸ்டெல்லா. ஆரா படிப்பிச்சது?" என்று டீச்சர் கேட்டார். டைமிங் சரியாக வரவில்லையாம், யார் கற்றுக்கொடுத்தது? "சபைதான்" என்றேன். எங்கள் சபை ஏதோ மியூசிக் ஸ்கூல் நடத்துகிறது என்று நினைத்துக்கொண்டு, அந்த ஸ்கூலைப் பற்றி வருத்தத்தோடு தலையை ஆட்டினார். ஒரு மாதம் பழகிவிட்டு வா, பிறகு பார்க்கலாம் என்று முடிவானது. அந்த மாதம் முழுக்க வெறுங்கையோடு கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். கிட்டார் இல்லாத ஸ்டெல்லாவை அங்கே ஒருவருக்கும் தெரியாது. எனக்கே அவளைச் சரியாகத் தெரியாது என்பதுதான் பெரிய பயமாக இருந்தது.

போனில் டிக் டிக் என்று அடிக்கும் செயலியை வைத்துப் பார்த்தேன். அது தன் பாட்டுக்கு அடித்தது, நான் என் பாட்டுக்கு வாசித்தேன். டிரம்ஸ்காரர்தான் லூப் பெடல் வாங்கச் சொன்னார். காலால் மிதிக்கும் சின்னப் பெட்டி அது. ஒரு முறை மிதித்துவிட்டு வாசித்தால் பதிந்துகொள்ளும், மறுமுறை மிதித்தால் வாசித்ததையே சுற்றிச் சுற்றித் திருப்பிப் பாடும். நாம் அதன் மேலே வாசித்துக்கொள்ளலாம். தனியாக இருக்கும் ஆளுக்குக் கூட வாசிக்க இன்னொரு ஆள், அந்த ஆளும் நாமே! எனக்கு ஆர்வம் தாங்கவில்லை. சாப்பிடும்போதுகூடப் பெடல் வீடியோவாகப் பார்த்துத் தள்ளினேன். "கட்டிக்கிட்டு வந்தது என்னயா, அந்தப் பெட்டியயா?" என்று ராஜன் கேட்டார்.

பாலக்காட்டில் இசைக்கருவிக் கடை வைத்திருக்கும் கோமதி மீனாட்சிபுரத்துக்காரி. என் வயசுதான் இருக்கும். விடிகாலையில் மாடு கறந்து பாலைச் சொசைட்டிக்கு ஊற்றிவிட்டு, பஸ் பிடித்து வந்து கடை திறக்கிறவர். என் கண் நேராக நாலு பட்டன் உள்ள பெரிய பெட்டிக்குப் போனது. அதற்குள்ளேயே டிரம்ஸ் இருந்தது, நூறு பாட்டுக்கு இடம் இருந்தது. "ஏனுங்க, மேடையேறப் போறீங்களா, பழகப் போறீங்களா?" என்றார் கோமதி. பழகத்தான் என்றேன். "அப்ப இது எதுக்குங்க? நீங்க கொஞ்சம் முன்னப்பின்ன மிதிச்சாலும் அதுவே நேராக்கிக் குடுத்துருமுங்க. தப்பெல்லாம் அது மூடி வெச்சுட்டா நீங்க எங்கிருந்து பழகறது?" என்று சொல்லிவிட்டு, தீப்பெட்டிக் கட்டு அளவில் ஒரே பட்டன் உள்ள பெட்டியை எடுத்து வைத்தார். அதில் ஒரு பாட்டுக்குத்தான் இடம். புதிதாகப் பதியவேண்டுமானால் பட்டனை அழுத்திப் பிடித்துப் பழையதை அழிக்கவேண்டும். நிறுத்த இரண்டு முறை சட்டென்று மிதிக்கவேண்டும். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலால் மிதித்துப் பார்த்தேன். காலுக்குச் சரியாக அடங்கியது. ஒரு பாட்டுக்கு இடம் போதும் என்று வாங்கி வந்தேன்.

வீட்டில் ஒரு கீர்த்தனையின் இரண்டு வரியைப் பதிந்து, கையை எடுத்துவிட்டுக் கேட்டேன். நொண்டியது. ஒவ்வொரு வரியின் முடிவிலும் ஒரு பள்ளம். அங்கே தடுக்கி, பிறகு எழுந்து நடந்தது. அழித்துவிட்டுப் பத்துத் தடவை பதிந்தேன். பத்துத் தடவையும் அதே இடத்தில் அதே பள்ளம். கெட்டுப்போன பெட்டியைத் தலையில் கட்டிவிட்டாளே என்று எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்ன்னாளாம்" என்று ராஜன் முணுமுணுத்தது காதில் விழுந்தது. அன்றைக்கு அவருக்குத் தோசை கொஞ்சம் கருகித்தான் கிடைத்தது.

சனிக்கிழமை பெட்டியைக் கோமதியின் மேசையில் ஓங்கி வைத்தேன். அவர் தானே நாலு வரி வாசித்துப் பதிந்தார். வழுக்கிக்கொண்டு போனது. பிறகு என்னை வாசிக்கச் சொல்லிக் கைதட்டி எண்ணினார். "நாலு எண்ணி முடிச்சுடறீங்க. அதுக்கப்பறம் ஒண்ணு சும்மா நிக்கறீங்க. வரிக்கு வரி நிக்கறீங்க. யாருக்குங்க நிக்கறீங்க?"

எனக்கு முகம் சுட்டது. யாருக்கு என்று கேட்டதுமே தெரிந்துவிட்டது. எங்கள் கோயில் மேட்டின் உச்சியில் இருக்கிறது. ஆறு நாள் கொழுந்து சுமந்த பெண்கள் ஏழாம் நாளும் மேடு ஏறித்தான் பாடவேண்டும். முன் பெஞ்சில் என் அண்ணன் மனைவி ரோசம்மா மதினி. அவளுக்கு இளைப்பு உண்டு. வரி முடிந்ததும் மூச்சை ஒரு இழுப்பு இழுத்துக்கொண்டால்தான் அடுத்த வரி வரும். அவள் இழுத்தால் அந்த பெஞ்சே இழுக்கும். நான் வாசிக்கத் தொடங்கிய புதிதில் காத்திருக்கத் தெரியாமல் போய்க்கொண்டே இருந்தேன். ஆராதனை முடிந்ததும் மதினி, "ஏட்டி, எங்கள விட்டுட்டு எங்க ஓடுத?" என்றாள். அன்றைக்கு நிற்கத் தொடங்கியவள்தான். எங்கள் ஊரில் அதைத் தப்பு என்று யாரும் சொன்னதில்லை. நன்றாக வாசிப்பது என்றாலே அதுதான்.

அதையெல்லாம் கோமதியிடம் சொன்னேன். "அட, இங்க யாரும் மேடு ஏறி வரலீங்களே" என்றார் வருத்தமாக. ஆமாம், சமதளம், முக்கால்வாசிப் பேர் வண்டியில் வருகிறார்கள். பள்ளத்தை நிரப்ப முழு மாதமும் பிடித்தது. பதிவது, கேட்பது, நின்ற இடத்தைப் பிடிப்பது, அழிப்பது. கடைசியில் ஒரு நாள் பெட்டி நொண்டாமல் சுற்றியது. அன்று சந்தோஷத்தில் ராஜனை எழுப்பிக் கேட்கவைத்தேன். ஷீபா டீச்சரும், "இப்போ ஷரியாயி" என்று என்னை டிரம்ஸுக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார். நிஜமாகவே பெருமையாக இருந்தது.

கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போனபோது கோயிலில் பழையபடி என்னை வாசிக்கச் சொன்னார்கள். முதல் வரி சேர்ந்து போனது. இரண்டாவதை மதினி மூச்சு இழுப்பதற்குள் தொடங்கிவிட்டேன். மூன்றாவது வரியில் கிட்டார் மட்டும்தான் கேட்டது. முன் பெஞ்சிலிருந்து மதினியின் குரல்: "ஏட்டி, யாரு ஒன்ன வெரட்டுதா?" பெஞ்சு முழுக்கச் சிரித்தது, நானும் சிரித்தேன். நிற்க முயன்றேன், நிற்கக் கூடாத இடத்தில் நின்றேன். ஆராதனை முடிந்ததும் கோயிலுக்குப் பின்னால் போய் அழுதேன். பதினெட்டு வருஷப் பழக்கத்தை ஒரே மாதத்தில், அதுவும் பாடுபட்டு, என் காலாலேயே அழித்திருக்கிறேன்.

போன வாரம் கோமதி கேட்டார், இரண்டு பாட்டுக்கு இடமுள்ள பெட்டி வந்திருக்கிறது, மாற்றிக்கொள்கிறீர்களா என்று. வேண்டாம் என்றேன். பெட்டி இரண்டை வைத்துக்கொள்ளும். என் விரல் வைத்துக்கொள்ளவேண்டுமே. மதினியின் மூத்த மகளுக்கு வரும் ஞாயிறு கல்யாணம். "வந்து ஒழுங்கா வாசி" என்று போனில் உத்தரவு வந்துவிட்டது. திங்கட்கிழமை திரும்பி வந்ததும் மறுபடி ஷீபா டீச்சரின் தாளத்துக்குப் பழகவேண்டும். அது அப்புறம். இன்று சாயங்காலம் ஷிப்ட் முடிந்து வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு மாதம் பாடுபட்டு நேராக்கிய பாட்டின் மேல் காலை அழுத்திப் பிடித்தேன். அழிந்தது. புதிதாகப் பதியத் தொடங்கினேன். வரி முடிந்தது, நாலு எண்ணினேன். கஞ்சிக்கோட்டு வெக்கையில், ஆளில்லாத அறையில், மதினி மூச்சு இழுக்கட்டும் என்று நின்றேன்.