யாரையும் தெரியாத வக்கீல்

போன மாதம் ராஜபாளையத்தில் ஒரு வக்கீல் வீட்டு ஹாலில் உட்கார்ந்து, சமீபத்தில் நான் குடித்ததிலேயே நல்ல காபியைக் குடித்தேன். கூடவே கை முறுக்கு. வக்கீலின் மனைவி வந்து, எனக்கு முட்டிவலி எப்படி இருக்கிறது என்று விசாரித்துவிட்டுப் போனார். தம்ளரைக் கீழே வைத்த பிறகு வக்கீல் சிரித்த முகத்தோடு சொன்னார் — இந்தக் கேஸை நான் எடுக்க முடியாது.

தேதி போடாமல் இவனுக்கு எதையும் சொல்லத் தெரியாது என்று என்னைக் கேலி செய்யும் வாசகர்கள் இந்த வாரம் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். தேதிகளை விட்டுவிட்டேன். பெயர்களையும் மாற்றிவிட்டேன். எங்கள் ஊரில் தேதி தெரிந்தால் போதும்... ஆள் தெரிந்துவிடும்.

கேஸ் என் அண்ணன் மகளுடையது. பியூலா என்று வைத்துக்கொள்வோம். கிருஷ்ணன்கோவில் பக்கம் ஒரு கல்லூரியில் லேப் அசிஸ்டென்ட். கல்யாணமாகி நான்கு வருடம். அதில் இரண்டு முறை இடது மணிக்கட்டு ஒடிந்திருக்கிறது. முதல் முறை பாத்ரூமில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னாள். நாங்கள் நம்பினோம். இரண்டாவது முறை அவள் ஒன்றும் சொல்லவில்லை. மாவுக்கட்டோடு கல்லூரி பஸ்ஸிலிருந்து இறங்கி, புருஷன் வீட்டுக்குப் போகாமல் நேராக அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டாள். விவாகரத்து வேண்டும் என்றாள். அவ்வளவுதான் பேச்சு.

அண்ணன் இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டு, “சரி, கூட்டிட்டுப் போ. ஆனா தெரிஞ்ச வக்கீலாப் பாருலே” என்றார்.

தெரிஞ்ச வக்கீல். இந்த வார்த்தையைக் கவனியுங்கள். எங்கள் பக்கம் ஆஸ்பத்திரிக்குப் போனால் தெரிந்த கம்பவுண்டர் வேண்டும். பேங்க்கில் தெரிந்த கேஷியர். ஆர்டிஓ ஆபீஸில் தெரிந்த புரோக்கர். ஆள் தெரியாமல் ஒரு வாசல்படி ஏறுவதை நாங்கள் அநாதைத்தனமாக நினைப்பவர்கள். பியூலாவோ அதற்குள் செல்போனில் ‘அருகில் உள்ள விவாகரத்து வக்கீல்’ என்று தேடிப் பார்த்திருந்தாள். ஐந்து நட்சத்திரம் வாங்கிய ஒருவர் இருபத்து நாலு மணி நேரமும் திறந்திருப்பதாகப் போன் சொன்னது. போய்ப் பார்த்தோம். ஷட்டர் இழுத்து மூடியிருந்தது. மாடியில் போட்டோ ஸ்டூடியோ... அவளுடைய கல்யாண ஆல்பம் போட்ட அதே ஸ்டூடியோ.

“பரவாயில்ல சித்தப்பா, ஒரே பில்டிங்ல ரெண்டு வேலையும் முடிஞ்சிருக்கும்” என்றாள்.

அதன் பிறகுதான் அந்தக் காபி வக்கீல். அண்ணனோடு பள்ளியில் ஒரே பெஞ்ச். பேப்பரையும் பேனாவையும் எடுத்து வைத்துக்கொண்டு கேள்வி கேட்டார். எந்தத் தெருவில் கொடுத்தீங்க? எந்தச் சபை? மாமனார் யாரு? அந்த மூன்றாவது கேள்விக்குப் பதில் வந்ததும் பேனாவின் மூடியைப் போட்டுவிட்டார். பியூலாவின் மாமனார் பேண்டேஜ் துணித் தறி வைத்திருக்கும் முதலாளி. எங்கள் சர்ச்சின் சபைக் கமிட்டியில் இருப்பவர்.

“அவியளா? அவிய நமக்கு ரொம்ப வேண்டியவியளாச்சேம்மா” என்றார் வக்கீல். அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. உதவி செய்ய நினைத்துவிட்டார். நாங்கள் வேண்டாம் என்று கையைத் தூக்குவதற்குள் போனை எடுத்து, “அண்ணாச்சி, உங்க மருமக இங்க நம்ம வீட்லதான் இருக்கா. ஏதோ கோவத்துல வந்துருக்கு...” என்று ஆரம்பித்துவிட்டார்.

கெட்ட எண்ணமா? இல்லவே இல்லை. அதுதான் கொடுமை. இங்கே வக்கீலுக்கு முதல் வேலை சமாதானம் பேசுவது. இரண்டாவது வேலைதான் கேஸ். இரண்டு பக்கத்தையும் தெரிந்தவர் என்றால் அது ஒரு தகுதி. எதிராளிக்குப் போன் போட்டுக் கொடுப்பது ஓர் உபகாரம்.

அன்று மத்தியானமே அண்ணன் வீட்டு வாசலில் சம்பந்தியின் கார் நின்றது. ஆப்பிள், மாதுளை, கூடவே சபைச் செயலர். பியூலாவின் கட்டுப் போட்ட கையை யாரும் பார்க்கவில்லை. ரொம்ப மரியாதையாகப் பேசினார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் எல்லாரும் உட்கார்ந்து பேசி ஜெபம் பண்ணுவது, அப்படியே பியூலா அதே காரில் ஏறிப் போவது என்று முடிவானது. அண்ணன் தலையாட்டினார். அவர்கள் போன பிறகு மகளிடம், “ஏட்டி, ஒரு தடவ போய்த்தான் பாரேன். அம்புட்டுப் பெரிய மனுசரு படியேறி வந்து சொல்லிட்டாரு” என்றார்.

அவள் என் பக்கம் திரும்பி, “கேஸ் போடுறதுக்கு முன்னாடியே தீர்ப்பு வந்துருச்சு சித்தப்பா” என்றாள்.

ஆக, ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு வக்கீல் கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் அவள் அந்தக் காரில் ஏற வேண்டும். கணக்கு அவ்வளவு சுலபமாக இருந்தது.

வியாழக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனோம். மடவார் வளாகத்தில் ஒரு சீனியர் இருக்கிறார். கிறிஸ்தவர். அவருடைய அப்பா, தாத்தா கல்லறையெல்லாம் ராஜபாளையத்தில் எங்கள் சபையில் இருப்பதால் ஞாயிறுதோறும் அங்கேதான் வருவார். இடது பக்கம் இரண்டாவது பெஞ்ச், ஃபேனுக்கு நேர் கீழே. நான் ஊர் வரலாறு எழுதுகிறேன் என்று அலைந்த காலத்தில் பழைய பத்திரங்களையெல்லாம் எனக்காக எடுத்துக் காட்டிய மனிதர். நேர்மையானவர் என்று கோர்ட் வாசல் டீக்கடையில்கூடச் சொல்வார்கள்.

அவர் காபி கொடுக்கவில்லை. நல்ல சகுனமாகப் பட்டது. பியூலா சொன்னதை முழுக்கக் கேட்டார். மணிக்கட்டைப் பார்த்தார்... அந்த வாரத்தில் அதைப் பார்த்த முதல் பெரிய மனிதர் அவர்தான். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, தன்னால் முடியாது என்றார்.

“உங்களுக்கும் அவிய வேண்டியவியளா அங்கிள்?” என்றாள் பியூலா.

“அதில்லம்மா. அந்தப் பையனுக்காக நான் முன்ன ஒரு தடவ ஆஜராயிருக்கேன். அவனுக்கு எதிரா இப்ப நிக்கக் கூடாது. அதுக்கு மேல கேக்காத.”

நான் எழுந்திருக்கப் போனேன். அவள் எழுந்திருக்கவில்லை.

“கல்யாணத்துக்கு முன்னாடியா அங்கிள், பின்னாடியா?”

துடைத்த கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டு, “முன்னாடி” என்றார்.

“என்ன கேஸுன்னு சொல்ல வேண்டாம். அதுல ஒரு பொண்ணு உண்டா?”

அவர் பக்கத்தில் இருந்த செம்பை எடுத்தார். தண்ணீர் குடித்தார். குடித்துக்கொண்டே இருந்தார். செம்பு காலியான பிறகும் வாயிலிருந்து அதை எடுக்க அவருக்கு மனம் வரவில்லை.

இங்கே மற்ற வாசகர்களுக்கு ஒரு விளக்கம். எங்கள் சபைகளில் கல்யாணத்துக்கு முன் ‘ஓலை வாசிப்பது’ என்று ஒரு வழக்கம் உண்டு. பனை ஓலையெல்லாம் கிடையாது, காகிதம்தான். தொடர்ந்து மூன்று ஞாயிறு, ஆராதனை நடுவே போதகர் மாப்பிள்ளை பெண் பெயரை வாசிப்பார். இந்தக் கல்யாணத்துக்குத் தடை ஏதாவது தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று கேட்பார். ஒரு மூச்சு விடும் நேரம் நிறுத்துவார். யாரும் எழுந்ததாக நான் கண்டதும் இல்லை, படித்ததும் இல்லை. அப்புறம் பாட்டு நம்பரைச் சொல்லிவிடுவார்.

பியூலாவுக்கும் வாசித்தார்கள். இரண்டு வீடும் ஒரே சபை என்பதால் மூன்று வாரமும் எங்கள் கோயிலிலேயே, அதாவது சர்ச்சிலேயே. இரண்டாவது ஞாயிறு அடைமழை; பாதிப் பெஞ்ச் காலி. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து அந்த மழையிலும் ஒருவர் வந்திருந்தார். அந்தப் பக்தியை மெச்சி அன்றைக்கு நான் அவரிடமே நாலு வார்த்தை சொன்னேன்.

அவள் அதைத்தான் கேட்டாள். குரலை உயர்த்தவில்லை. “ஓலை வாசிச்சப்ப மூணு வாரமும் அங்கதான இருந்தீங்க அங்கிள்?”

“இருந்தேம்மா. கட்சிக்காரன் நம்பிச் சொன்னத வெளிய சொல்லக் கூடாது. சட்டம் அப்பிடி.”

சட்டம் அப்படித்தான். வீட்டுக்கு வந்து புத்தகங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டேன். அவர் சொன்னதில் ஓர் எழுத்து பிசகில்லை. அவர் சரி. காபி வக்கீலும் அவர் வழக்கப்படி சரி. படியேறி வந்த பெரிய மனிதர் சரி. தலையாட்டிய அண்ணன்கூட ஒரு தகப்பனாகச் சரி. இத்தனை பேர் சரியாக இருந்து ஒரு பெண்ணின் கை இரண்டு முறை ஒடிந்திருக்கிறது.

படியிறங்கும்போது பியூலா சொன்னாள்: “கல்யாணத்துக்கு முன்னாடி பாத்த கோயம்புத்தூர் வேலைய ஏன் விட்டீங்கன்னு எங்க வீட்டுக்காரர்ட்ட ஒருநா சும்மா கேட்டேன் சித்தப்பா. அன்னைக்குத்தான் மொதத் தடவ ஒடிஞ்சது.”

நான் செருப்பை மாட்டுவதற்குள் அவள் ஆட்டோவை நிறுத்திக் கோர்ட்டுக்குப் போகச் சொல்லிவிட்டாள். கோர்ட் வளாகத்தில் மனு டைப் அடித்துக் கொடுப்பவர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். முதல் மேஜைக்காரரிடம் போய் நின்றாள். அவள் கேட்ட கேள்வியை என் ஆயுளில் வேறு யாரும் கேட்டு நான் கேள்விப்பட்டதில்லை.

“அண்ணே, ராஜபாளையத்துல யாரையும் தெரியாத வக்கீல் யாராவது இருக்காங்களா?”

அவர் டைப் அடிப்பதை நிறுத்திவிட்டுச் சிரித்தார். “எல்லாரும் தெரிஞ்ச வக்கீலத்தான தேடி வாராக? செத்த நேரம் இரும்மா.” பிறகு கேன்டீன் பக்கம் கையைக் காட்டினார்.

அங்கே ஒரு பெண். முப்பது, முப்பத்திரண்டு வயது. கறுப்புக் கோட்டை மடியில் வைத்துக்கொண்டு லெமன் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வன்னியம்பட்டி, விவசாயக் குடும்பம், வீட்டில் முதல் வக்கீல். தெரு கேட்கவில்லை. சபை கேட்கவில்லை. மாமனார் பெயரை நான் சொல்ல வாயெடுத்தபோது, “அது மனுவுல எழுதும்போது கேட்டுக்கிடுதேன் சார்” என்று நிறுத்திவிட்டு, பியூலாவிடம் திரும்பினார்.

“என்ன நடந்துச்சு?”

அந்த வாரத்தில் பியூலா அழுதது அப்போது மட்டும்தான். மூன்றாவது வக்கீலிடம் வந்து முதல் முறையாக இந்தக் கேள்வி. எந்த ஆஸ்பத்திரி, எந்த நாள் என்று அவர் கேட்டபோது அவளுக்குக் குழம்பியது, எனக்குக் குழம்பவில்லை. தேதி சொல்லும் என் வியாதி குடும்பத்தில் ஒருவருக்குப் பயன்பட்டது அன்றைக்குத்தான்.

வெள்ளிக்கிழமை மனு தாக்கலாயிற்று. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்குப் போக வேண்டாமா என்று கேட்டேன். “போங்க சார். போயி, கேஸ் போட்டாச்சுன்னு மட்டும் சொல்லுங்க. மிச்சத்த கோர்ட்ல வந்து பேசச் சொல்லுங்க” என்றார். இந்தப் பத்தியில் அவர் பெயரைப் போடலாமா என்றதற்கு அவசரமாக மறுத்துவிட்டார் — வக்கீல்கள் விளம்பரம் செய்யக் கூடாதாம். சட்டத்தை மதிக்கும் இன்னொருவர். ஆனால் எவ்வளவு வித்தியாசம்!

ஞாயிற்றுக்கிழமை வந்தது. சம்பந்தியின் கார் கோயில் வாசலில் கழுவித் துடைத்து நின்றது. உள்ளே ஆராதனை நடுவே போதகர் ஒரு காகிதத்தை எடுத்தார். ஓலை. வேறு ஒரு பையன், வேறு ஒரு பெண். தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்றார். நிறுத்தினார். இடது பக்கம் இரண்டாவது பெஞ்ச்சில் ஃபேனுக்குக் கீழே ஒரு தலை குனிந்திருந்தது. பாட்டு நம்பர் வந்தது. பாடினோம்.

ஆராதனை முடிந்து கூட்டத்துக்குப் பெஞ்ச் இழுத்துப் போட்டார்கள். பியூலா உட்காரவில்லை. கேஸ் போட்டாச்சு என்று ஒரே வரி சொன்னாள். சம்பந்தி அண்ணனைப் பார்த்தார். அண்ணன் தரையைப் பார்த்தார். ஆனால் ‘போ’ என்று அவளிடம் சொல்லவில்லை. அதையே பெரிதாக எடுத்துக்கொண்டு வெளியே வந்தோம். கார் காலியாகத் திரும்பியது.

வாசலில் சீனியர் எங்களுக்காக நின்றிருந்தார். நல்ல மனிதர்... அக்கறையோடுதான் விசாரித்தார். பியூலா பதிலுக்கு ஒன்று கேட்டாள்.

“இன்னைக்கு ஓலை வாசிச்சாங்களே, அந்தப் பையனுக்கு நீங்க எப்பவாவது ஆஜராயிருக்கீங்களா அங்கிள்?”

“ச்சே, இல்லம்மா” என்றார். உடனே, பளிச்சென்று. எந்தச் சட்டமும் குறுக்கே வரவில்லை.

பெண்ணைப் பெற்றவர்களே, மாப்பிள்ளையின் சம்பளம், சொத்து, சபை எல்லாவற்றையும் விசாரிக்கிறீர்கள். அப்படியே ஊரிலுள்ள வக்கீல்களிடமும் ஒரு நடை போய், இந்தப் பையனுக்கு நீங்கள் ஆஜரானதுண்டா என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் பரவாயில்லை — எவ்வளவு தண்ணீர் குடிக்கிறார் என்று மட்டும் பாருங்கள்.