நான் வரவழைத்த மகன்

நான் எழுதிய முதல் கதையை யாராவது புகழ்ந்தால் இன்றைக்கும் முகம் கொடுத்துக் கேட்க முடிவதில்லை. அது என்னுடையதல்ல. பக்கத்து அறையில் இருந்த ஒரு தாயிடம் கேட்காமல் எடுத்தது.

கணவர் மாரடைப்பில் போன பிறகு கொழும்பில் கொட்டாஞ்சேனை வீட்டை விட்டு, அதே நகரின் வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக ஓர் அறைக்கு வந்திருந்தேன். சண்டைக் காலம். வெளியே இறங்கினால் அடையாள அட்டை, பொலிஸ் பதிவுத் துண்டு, போவதற்கு ஒரு காரணம் எல்லாம் வேண்டும். எனக்குக் காரணம் எதுவும் இருக்கவில்லை. ஆகவே அறைக்குள் கிடந்து வாசித்தேன். வாடகைப் புத்தகக் கடையில் துப்பறியும் கதை, சமையல் குறிப்பு, சோதிடம் என்று பார்க்காமல் அள்ளிவந்தேன். வடை சுற்றிவந்த பேப்பரைக்கூட எண்ணெயை ஒற்றிவிட்டு வாசித்தேன். வாசிக்கும் அந்த ஒரு மணி நேரமாவது நான் விதவை இல்லை. பிறகு ஒரு கொப்பி வாங்கி எழுதத் தொடங்கினேன். காலையில் எழும்புவதற்கு ஒரு வேலை கிடைத்தது.

எழுத விஷயம் வேண்டுமே. அது சமையலறையிலேயே இருந்தது. பக்கத்து அறை அக்காவும் நானும் ஒரே அடுப்பைப் பாவித்தோம். கனடா போகவென்று வளர்ந்த மகனோடு யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நின்றவர் அவர். ஆமியும் பொலிசும் செய்த ஒரு சுற்றிவளைப்பில் மகனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். எங்கே என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. வெங்காயம் உரித்தபடி அவனைப் பற்றியே கதைப்பார். சேர்ட்டின் மேல் பொத்தானையும் பூட்டாவிட்டால் அவனுக்குச் சரிவராதாம். நடக்கும்போது ஒரு தோள் சற்று இறங்குமாம். நான் "ம்" கொட்டுவேன். பிறகு அறைக்குப் போய் ஒன்றும் விடாமல் எழுதிவைப்பேன். எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்பது என்னைப் போன்றவர்களைப் பார்த்துச் சொன்னதுதான்.

கதை முடியும் இடத்தில் மகன் திரும்பி வந்து கதவைத் தட்டினான். அழுகையில் முடித்தால் பத்திரிகையில் போடமாட்டார்கள் என்று நினைத்தேன். போட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை என் பெயரை அச்சில் பார்த்துவிட்டு, வெட்கமில்லாமல் பிரதான தெருவான காலி வீதி வரை நடந்து இன்னும் இரண்டு பிரதி வாங்கினேன்.

திரும்பி வந்தபோது அக்கா பேப்பரும் கையுமாக என் அறை வாசலில் நின்றார்.

"பிள்ளை, உமக்கு ஆர் சொன்னது?"

"அக்கா, அது சும்மா கதை."

"ஓம், ஓம். இப்ப வெளியில சொல்லேலாதுதான்." குரலைத் தணித்தார். "உயிரோட இருக்கிறான் எண்டு தெரிஞ்சாக் காணும். நான் ஆரிட்டயும் வாய் திறக்கமாட்டன்."

அந்தக் காலத்தில் நல்ல செய்தி எதுவும் நேராக வருவதில்லை. யாரோ ஒருவரின் மச்சான், ஒரு கடைக்காரர், பெயர் போடாத கடிதம் என்று சுற்றித்தான் வரும். கதையாகவும் வரும் என்று அவர் நினைத்ததில் பிழையில்லை. பிழை என்னுடையது. அங்கேயே உட்காரவைத்து விளங்கப்படுத்தியிருக்கவேண்டும். அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டு, செய்யாமல் விட்டேன். இன்னொன்றையும் மறைக்கக்கூடாது: என் எழுத்தை ஒருவர் அவ்வளவு நம்பியது உள்ளுக்குள் இனித்தது.

கனடாவில் இருந்த அக்காவின் மகள் ஸ்பொன்சர் செய்து, அவருக்கு விசாவும் குத்தி வந்திருந்தது. அவர் போகவில்லை. "அவன் வரேக்க கதவு பூட்டிக் கிடந்தா என்ன செய்வான்?" என்று மகளுக்கு ரெலிபோனில் சொன்னது எனக்குக் கேட்டது. விசாவின் தவணை முடியும் வரை நான் கல்லுப்போல இருந்தேன். முடிந்து இரண்டு கிழமைக்குப் பிறகுதான், இனியும் தாங்காது என்று, சமையலறையில் வைத்துச் சொன்னேன்.

"அக்கா, எனக்கு ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்ல. மகன் வந்தது நான் கட்டின பொய். மற்றதெல்லாம் நீங்கள் சொன்னதைக் கேட்டு எழுதினனான்."

ஏசுவார், அடித்தாலும் அடிப்பார் என்று நின்றேன். அவர் அரிசியைக் கழுவி முடித்து உலையில் போட்டார். கையைத் துடைத்தார்.

"பொய்தானே, பிள்ளை," என்றார். "கதவடி மட்டும் கூட்டிக்கொண்டு வந்தனீர். உள்ள விட்டு ஒரு வாய் சோறு குடுத்திருக்கலாமே."