தையல் பிரித்த சாரன்

கல்முனையில் எனக்குப் புடவைக்கடை. சாரன் என்னும் கைலியை, இரு முனையும் சேர்த்துத் தைத்து மூட்டாத துணியாகவே விற்பேன். பெருநாள் முடிந்த மூன்றாம் நாள், ஊரறிந்த ஹாஜியார் ஒருவர் என்னிடம் வாங்கிய சாரனைத் திருப்பிக் கொண்டுவந்தார்.

"உடுக்கவே இல்ல தம்பி, நிறம் புடிக்கல்ல."

அவர் முகத்தைப் பார்த்து, விரித்தும் பார்க்காமல் வேறு சாரன் கொடுத்தேன்.

அடுத்த வாரம், ஹாஜியார் திருப்பித் தந்த சாரனை வாங்கிப்போன மீனவர், கடை நிறைய ஆட்கள் நிற்கும்போது திரும்பி வந்தார்.

"உடுத்த சாரனயா எனக்கு வித்த நீங்க?"

விரித்தேன். மூட்டி உடுத்துவிட்டுத் தையலைப் பிரித்த ஊசித் துளைகள் ஓரம் நெடுகத் தெரிந்தன. அத்தர் வாசமும் போகவில்லை.

கூட்டத்தில் ஹாஜியாரும் நின்றார். "அல்லாஹ்வுக்குப் பயந்து யாவாரம் செய்யுங்க தம்பி" என்றார்.

இப்போது திரும்பி வரும் சாரனின் ஓரத்தை முதலில் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறேன். கொண்டுவந்தவரின் முகத்தைப் பார்ப்பது அதற்குப் பிறகுதான்.