ஏலக்காடு என்றொரு ஃபோல்டர்

நண்பர் சாந்தன்பாறைக்காரர். நாங்கள் இருவரும் சேர்ந்து கணினிக்கு ஓர் இயங்குதளம் எழுதினோம். இதை எடுத்துத் திருத்துகிறவர், திருத்தியதை எல்லோருக்கும் தர வேண்டும் என்பது அவர் பிடிவாதமாகப் போட்ட உரிமம். அவர் இறந்த பிறகு, ஒரு கம்பெனிக்காக அந்த நிபந்தனையை நீக்க நினைத்தேன். அதற்கு வாரிசின் சம்மதம் வேண்டும். அவர் மனைவியிடம் தாளை நீட்டினேன்.

“கையெழுத்துப் போடுறேன் சார். அவரு இருந்தா போட்டிருப்பாரா? அத மட்டும் சொல்லுங்க.”

பொய் சொல்ல வாய் வரவில்லை. தாளை மடித்துக்கொண்டு பூப்பாறை பஸ்ஸில் ஏறியதும் எரிச்சலாக வந்தது. அவர் எழுதிய வரிகளையே அழித்துவிட்டால் யாருடைய சம்மதமும் எதற்கு? இரண்டு மாதம் உட்கார்ந்து, ஒன்றுவிடாமல் அழித்து, நானே புதிதாக எழுதினேன்.

ஓடவிட்டதும் பாதியில் நின்றது. பிழைச் செய்தியில், என் கணினியில் இல்லாத ஒரு ஃபோல்டரின் பெயர் வந்தது, ஏலக்காடு என்று. அவருடைய ஃபோல்டர். நிரலை எந்திரத்துக்குப் புரியும்படி மாற்றித் தரும் கம்பைலரை அவர்தான் தன் வீட்டுக் கணினியில் உருவாக்கியிருந்தார். அது, தான் மாற்றித் தரும் ஒவ்வொன்றிலும் அந்தப் பெயரைப் பதித்து அனுப்புகிறது.

வேறு கம்பைலர் எழுதிவிடலாம்தான். ஆனால் அந்தப் புதிய கம்பைலரையும் ஓடும்படி மாற்றித் தர, என்னிடம் இருப்பது அவருடையது ஒன்றுதான்.