பிள்ளையார் கோயிலுக்கு எதிர் வீடு

பிள்ளைகள் கையில் ஃபோன் கொடுக்காதீர்கள் என்று பள்ளியில் பெற்றோரைக் கூட்டி வைத்துச் சொன்னார்கள். என் மகளிடம் ஃபோனே கிடையாது. எட்டாம் வகுப்பு படிக்கிறாள், சமூக ஊடகம் எதிலும் அவளுக்குக் கணக்கு இல்லை. அவளை இணையத்தில் கொண்டுபோய் நிறுத்தியது முழுக்கப் பெரியவர்கள்.

அவள் பெரிய மனுஷியானதும் என் கணவரின் அண்ணன் சடங்கு வைத்தே தீர வேண்டும் என்று நின்றார். தி.நகரில் பாத்திரக்கடை வைத்திருக்கிறார், திருநெல்வேலிப் பக்கத்து ஆள். வீட்டோடு முடித்துக்கொள்ளலாம் என்றேன். மகளும் அழுதாள். யாரும் காதில் வாங்கவில்லை. மண்டபம் பிடித்தார், வாசலில் ஃபிளெக்ஸ் வைத்தார். அதில் பள்ளிச் சீருடையில் அவள் படம், பெயர், வகுப்பு. போதாததற்கு வீடியோக்காரரிடம் லைவ் போடச் சொன்னார்.

"எதுக்கு அத்தான் லைவ்? வந்தவங்க பார்த்தா போதாதா?"

"ஊர்ல கெடக்க சனம் பாக்க வேண்டாமா? துபாய்ல இருக்க சித்தப்பாவுக்கு நான் என்ன பதில் சொல்ல? நீ சும்மா கெட தாயி."

என் கணவர் பந்தியைப் பார்க்கப் போய்விட்டார். அண்ணன் முன்னால் அவர் என்றைக்கு வாயைத் திறந்திருக்கிறார்?

சொந்தக்காரர்கள் மட்டும் பார்ப்பதுபோல அதை வைத்திருக்கலாம். யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி போட்டார்கள். ஃபிளெக்ஸில் தொடங்கி, அவள் தலை குனிந்து உட்கார்ந்திருந்தது, என் தம்பி தாய்மாமனாகச் சங்கிலி போட்டது, பெரியப்பா கடைப் பெயரை மைக்கில் சொன்னது எல்லாம் அதில் இருந்தது. சில நாள் கழித்து கீழே வந்திருந்த கமெண்டுகளைப் படித்தேன். யாரோ ஒருவன், பெயருக்குப் பதில் ரோஜாப்பூ படம், கேட்டிருந்தான்: "பாப்பா வீடு எங்கே?"

எங்கள் சொந்தக்காரர் ஒருவர் பதில் போட்டிருந்தார். "அபிராமபுரம்தான் தம்பி. பிள்ளையார் கோயிலுக்கு எதிர் வீடு. அவசியம் வாங்க." பின்னால் ஒரு கும்பிடு வேறு. வழி கேட்டவனுக்கு வழி சொல்வது எங்கள் ஆட்களுக்குப் பெருமை. கேட்டது யார் என்று கேட்கத் தோன்றாது.

வீடியோக்காரருக்கு ஃபோன் செய்தேன்.

"இன்னா மேடம், வியூஸ் செமயா போய்க்கினு கீது. இப்போ போய் எடுக்கச் சொல்றீங்க?"

"எடுங்க."

"பெரியவர் சொல்லணும் மேடம். அவர்தானே நமக்குப் பார்ட்டி."

பெரியவரிடம் கேட்டேன். கல்யாண வயசில் காட்ட உதவும், இருக்கட்டும் என்றார்.

அந்த வாரமே நடந்தது. நான் வேலைக்குப் போயிருந்தேன். மகள் பள்ளி விட்டு வந்து தனியாக இருந்தாள். கதவைத் தட்டி ஒருவன் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறான்.

"பெரியப்பா கடையிலேர்ந்து வர்றேன் கண்ணு. சாமான் குடுத்து வுட்டாரு, கதவத் திற."

அவள் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். கையில் சாமான் எதுவும் இல்லை.

"மாமா போட்ட சங்கிலி கழுத்துலயே இருக்குதா?" என்று கேட்டானாம்.

அவள் திறக்கவில்லை. கட்டில் அடியில் போய்ப் படுத்துக்கொண்டாள். அவன் பின்பக்கம் சுற்றி வந்து அந்தக் கதவையும் தள்ளிப் பார்த்திருக்கிறான். நான் வந்து கத்திக் கூப்பிட்ட பிறகும் அவள் வெளியே வரவில்லை. நான் குனிந்து கையைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது. பாவாடை நனைந்திருந்தது.

காவல் நிலையத்தில் இருந்த பெண் அதிகாரி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்.

"வீடியோவ போட்டது யாரும்மா?"

"அவ பெரியப்பா சொல்லித்தான் போட்டாங்க."

"வீட்டு அடையாளம் சொன்னது?"

"அதுவும் எங்க சொந்தக்காரர்தான்."

பேனாவைக் கீழே வைத்தார். "அவன நாங்க தேடுறோம். உங்க ஆளுங்கள நீங்க நிறுத்துங்க."

அவன் கிடைக்கவில்லை. வீடியோவை எடுத்துவிட்டார்கள். அதற்குள் யார் யார் பதிவிறக்கி வைத்திருக்கிறார்கள் என்பது யாருக்குத் தெரியும்? மகள் பள்ளிக்குப் போக மறுத்தாள். அந்த வீட்டில் அவளுக்குத் தூக்கமே இல்லை. வீட்டை மாற்றுவோம், அங்கே யாருக்கும் நம்மைத் தெரியாது, பக்கத்துப் பள்ளியில் சேரலாம் என்று கெஞ்சினேன். யோசித்துவிட்டுச் சரி என்றாள். திருவான்மியூரில் வீடு பார்த்தோம்.

பால் காய்ச்ச அத்தானை அழைக்கக் கூடாது என்றேன். அண்ணன் இல்லாமல் எப்படி என்றார் என் கணவர். அழைத்தார்.

அடுப்பில் பால் பொங்கும்போது வாசலில் அத்தான் குரல் உரக்கக் கேட்டது. "இதான் தம்பி வீடு. பஸ் ஸ்டாண்டுலேர்ந்து நடந்தே வந்துரலாம்." ஓடிப்போய்ப் பார்த்தேன். ஃபோனைத் தூக்கி, கதவு எண்ணைக் காட்டிக்கொண்டிருந்தார்.

பிடுங்கினேன்.

"ஏ தாயி, லைவ் ஓடிக்கிட்டுருக்கு!"

தரையில் அடித்தேன். என் கணவர் என் கையைப் பிடித்தார். "அண்ணன்கிட்ட இப்படியா?" என்றார்.

உள்ளே அறைக்கதவு சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு தாழ்ப்பாள். புதுப் பள்ளிச் சீருடை இன்னும் பிரிக்காமல் கூடத்தில் கிடந்தது.